கண் டாக்டரின் துடைப்பம்

சிடி பிளேயர் பழுதுபார்ப்பவரைத் தெருவே 'கண் டாக்டர்' என்றுதான் கூப்பிட்டது. முப்பது வருடம் லென்ஸ் துடைத்தவருக்குப் பட்டம் பொருத்தம்தான். தன் கண்ணுக்குக் கண்ணாடி போடுவதை மட்டும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டார்.

அவருக்கு ஒரே ஒரு ஜென்மப் பகை: கடையில் விற்கும் லென்ஸ் கிளீனர் சிடி. அடியில் சின்ன பிரஷ் ஒட்டியிருக்கும். சுழலும்போது லென்ஸைப் பெருக்கிவிட்டுப் போகும்.

"கண்ணுல தூசி விழுந்தா துடைப்பத்தால பெருக்குவீங்களா?" என்பார்.

அவர் வழி வேறு. பெட்டியைத் திறந்து, பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு, மூச்சை அடக்கித் துடைப்பார். அதற்கும் முன்னால், "வேற சிடி போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்பார். பாதிப் பேர் கோளாறு சிடியில்தான் என்று தெரிந்து, அந்தக் கேள்வியோடு வீடு திரும்பிவிடுவார்கள். தன் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளும் நேர்மை.

மனைவி இறந்தபின் வீட்டு பிளேயரில் ஒரே சிடிதான் ஓடியது. எப்போதோ ஒரு சிடி ரெக்கார்டரைச் சோதிக்க அவளைப் பேசச் சொல்லிப் பதிந்தது. பத்து வரை எண்ணினாள். பிறகு, "போதுமா? அடுப்புல பால் இருக்கு. உங்களுக்கு வேலைவெட்டி இல்லைன்னா எனக்குமா இல்லை?" மீதி மூன்று நிமிடமும் திட்டு. உயிரோடு இருந்தவரை காதில் வாங்காத திட்டை இப்போது தினமும் காலையில் உட்கார்ந்து கேட்டார். நகல் எடுத்து வைக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் உபதேசித்தவர், தன் விஷயத்தில் நாளை நாளை என்றிருந்தார்.

ஒரு நாள் அவள் ஏழில் திக்கினாள். அடுத்த வாரம் நாலில். பிறகு, சிடியை வயிற்றில் வைத்துக்கொண்டே பிளேயர் 'டிஸ்க் இல்லை' என்று காட்டியது.

லென்ஸ்தான் என்று முடிவு கட்டினார். துடைத்தார்; பலனில்லை. மறுபடி துடைக்கப் போனபோது குச்சி லென்ஸை இடித்தது. இனி இந்தக் கையை நம்ப முடியாது. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

"என்னண்ணே, டாக்டரே துடைப்பம் வாங்க வந்துட்டீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஒருத்தருக்கு வேணுமாம்."

"அந்த ஒருத்தர்கிட்ட வேணாம்னு சொல்லலையா?"

"சொன்னேன். கேக்கல."

வீட்டில் கிளீனரைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிரஷ் சரசரத்தது. பிறகு சின்ன இசை. அடுத்து, சுத்தம் முடிந்தது என்று அந்த கிளீனரிலேயே பதிந்திருந்த ஒரு பெண் குரல். திக்கல் இல்லை, திணறல் இல்லை, முத்து முத்தாக.

அவர் கண்ணைத் திறந்தார். இத்தனை நாளில் அந்த பிளேயரில் போட்ட முதல் வேறு சிடி அது. லென்ஸுக்கு ஒன்றும் இல்லை. பழுது அவள் பேசிய சிடியில். வெளுத்துப்போன பதிவைத் துடைத்து மீட்கப் பஞ்சுமில்லை, ஸ்பிரிட்டுமில்லை. இருந்தும் அதை எடுத்துப் போட்டுப் பார்த்தார். டிஸ்க் இல்லை.

சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அம்மா குரலா கேட்டுச்சு? சரியாயிடுச்சா?"

"இல்லம்மா, வேற யாரோ."

"அப்ப மெஷினு?"

வாடிக்கையாளர்களிடம் ஆயிரம் முறை சிரித்துக்கொண்டே சொன்ன வாக்கியம்தான். சிடியை எடுத்து உறையில் போட்டுவிட்டுச் சொன்னார்.

"மெஷின் நல்லா இருக்கு."