காலிதீன் விட்ட பதினொரு நோன்பு

மில்லிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் காலிதீன் மூன்று இடத்தில் நின்று இடுப்புச் சாரனை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார். சாரன் தளரவேயில்லை என்பதை மகள் ஹுஸ்னியா சின்ன வயதிலேயே கண்டுகொண்டாள். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அந்த நிற்பு. கல்முனைப் பக்கத்து நெல் மில்களில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். நெஞ்சு கிளினிக்கில் நோயாளர் கொப்பி போட்டு, இழுப்பதற்குப் பம்ப் கொடுத்த பிறகும், "இது மூச்சு முட்டில்ல, உமித்தூசு" என்பதே அவர் பேச்சு. முட்டுக்காரனை மில்லில் வைத்திருக்கமாட்டார்கள்.

பார்வை ஓரங்களில் இருண்டபோது ஹுஸ்னியாதான் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். கண்ணில் பிரஷர் என்றார்கள். மருந்து எழுதுமுன் தாதி கேட்டாள்.

"ஐயாவுக்கு முட்டு, இழுப்பு ஏதும் இருக்கா?"

"இல்ல மிஸ்," என்றார் காலிதீன்.

வரிசையில் பக்கத்தில் இருந்த ஜெமீல், அதே மில்லில் மூட்டை தூக்குகிறவர், சிரித்தார். "இவருக்கு முட்டா? எங்கட மூட்டையையும் சேத்துத் தூக்குற மனிசன்."

ஹுஸ்னியா வாயைத் திறக்கவில்லை. பட்டம் முடித்தவள். நெஞ்சு கிளினிக் கொப்பி வீட்டு அலுமாரியில் கிடப்பது அவளுக்குத் தெரியும். ஜெமீலின் முன்னால் வாப்பாவைப் பொய்யராக்க மனம் வரவில்லை. கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்றும் நினைத்தாள்.

அடுத்த வாரம் நோன்பு தொடங்கியது. பகலில் இழுத்தால் நோன்பு முறியும் என்று காலிதீன் பம்பை எடுத்து வைத்துவிட்டார். கண்மருந்து நோன்பை முறிக்காது என்று மௌலவி சொல்லியிருந்ததால் அதைக் காலையும் மாலையும் தவறாமல் விட்டார். மூச்சு நாளுக்கு நாள் இறுகியது. பம்ப் இழுக்காததால்தான் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். இருபதாம் நோன்பன்று அஸர் தொழுகைக்கு முன் உதடு நீலம்பாரித்து விழுந்தார்.

வார்டில் டொக்டர் கண் கிளினிக் கொப்பியையும் நெஞ்சு கிளினிக் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இந்தக் கண்மருந்து மூக்கால இறங்கி ரத்தத்துல சேரும். நெஞ்சு வருத்தக்காரருக்கு மூச்சுக்குழாய இறுக்கிப்போடும். முட்டு இருக்கா எண்டு கேக்கலயா?"

"கேட்டாங்க," என்றாள் ஹுஸ்னியா. "நாங்கதான் செல்லல்ல."

மருந்தை மாற்றினார்கள். இரவில் ஒரு துளி. விட்டதும் கண்ணின் மூக்கோர மூலையை விரலால் அமர்த்திப் பிடிக்க வேண்டும். மூச்சு ஓரளவு இளகியது. ஆனால் காலிதீனுக்குக் கவலை கண்ணோ நெஞ்சோ அல்ல.

"பதினொரு நோன்பு உட்டுட்டன், புள்ள. மாரி முடியப் புடிக்கணும். அல்லாட கடன்."

"ஓம் வாப்பா."

மாரி முடியுமுன் நெஞ்சில் சளி கட்டி மௌத்தானார். மையித்து வீட்டில் ஜெமீல், "நோன்புப் பசி தாங்காம விழுந்த மனிசன், அதோட எழும்பல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதும் ஹுஸ்னியா திருத்தவில்லை.

அந்த நோன்புகளை அவருக்காகப் பிடிக்க என்று பிறகு இரண்டு முறை விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பினாள். நிய்யத் வைக்கையில், இது வாப்பா விட்ட நோன்பா, தான் விட வைத்த நோன்பா என்று தெரியாமல் நின்றாள். இரண்டு நாளும் விடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டாள். பதினொன்றும் அப்படியே கிடக்கிறது.