ஐசியூ வாசலுக்கு ஒரு சூரியன்

அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஐசியூ வாசலில் மாட்டுவதற்கு, நான் சாந்தோம் கடற்கரையில் எடுத்த படத்தை இன்று விற்கப் போனேன். பன்னிரண்டாயிரம் சொன்னேன்.

மேனேஜர் முகம் சுளித்தார். “சூரியன் மறையற படத்த அங்க மாட்டுனா, வெளிய உக்காந்திருக்கறவங்க இன்னா சார் நெனப்பாங்க?”

“காலைல எடுத்தது சார். மெட்ராஸ் கடல்ல சூரியன் உதிக்கத்தான் செய்யும். மறையறது கிண்டி பக்கம்.”

“அழுதுகினு இருக்கறவங்களுக்கு அது தெரியுமா? எட்டாயிரம் வெச்சுக்கங்க.”

குறைக்க முடியாது என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“சரி, உங்க ரேட்டே இருக்கட்டும். பில் கட்டற கவுண்டர்ல மாட்டிடறோம். அங்க எவனும் தலை நிமிந்து பாக்க மாட்டான்.”

படத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்களில் யாராவது அங்கே பில் கட்டிவிட்டு நிமிர முடிந்தால், அது உதயமா அஸ்தமனமா என்று கீழே கமெண்ட்டில் சொல்லுங்கள்.