நடுங்காத விரல்கள்

என் கணவருக்குப் பல வருடங்களாக இருமுனை மனநோய். மாத்திரையால்தான் குடும்பம் நடந்தது. அதே மாத்திரையால் அவர் கை நடுங்கும். தறியில் பட்டு இழை அறுந்தால், முடிச்சுப் போட என்னைத்தான் கூப்பிடுவார்.

போன ஆடியில் ஒரு காலை, தறிச் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அறுந்த இழைகளை அவரே மளமளவென்று முடிந்துகொண்டிருந்தார்.

"பாத்தியாமா, கை எப்டி நிக்குது! தூக்கமே வரல, ஆனா உடம்பு ஜிவ்வுனு இருக்குது. இன்னும் நாலு தறி போடப் போறேன்."

முன்பு இப்படிப் பேசிய மறுவாரம்தான் அவரைச் சர்வதீர்த்தக் குளத்திலிருந்து தூக்கி வந்தார்கள்.

"மாத்திரை போட்டுக்கினு இருக்கீங்களா?"

"வயசாயிடுச்சு. இனிமே அதெல்லாம் வராதுமா" என்றார் சிரித்தபடி.

அன்றே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். "வயசானா தானா அடங்கிடாது. மருந்த விட்டுட்டா முன்னவிட மோசமாக்கூட வரலாம். கை நடுங்கினா எங்கிட்ட சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க" என்று சொல்லி, மருந்தை மறுபடி தொடங்கிவைத்தார். என் கணவர் நிதானத்துக்கு வந்த பிறகு, நடுக்கத்துக்காக அளவைக் கொஞ்சம் குறைத்தார்.

இப்போது மாத்திரையை நானே கொடுக்கிறேன். நடுக்கம் குறைந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. நானோ தினமும் காபி கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் விரல்களைப் பார்க்கிறேன். டம்ளர் லேசாக ஆடினால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

இன்று காலை அது ஆடவில்லை.