அக்காவின் ஜுரத்தை யாரும் பார்க்கவில்லை

அக்கா நம்மை விட்டுப் போய் இந்த மாசியோடு ஒரு வருடம். அவருக்கு ஒரே தம்பி நான். இந்த நினைவு மலரை அச்சிடுகிறவனும் நானே. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது துறையூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது ஸ்ரீரங்கத்தில். மாமியார், கொழுந்தனார்கள், அவர்கள் பிள்ளைகள் என்று பெரிய வீடு. அடுப்படி மட்டும் அக்காவுடையது. போன வருடம் காரியத்துக்கு வந்த சிலர், "தர்மாமீட்டர் மருமக" என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பெயர் வந்த கதையைத் தெரிந்துகொண்டு சிரிக்கட்டும்.

நயா பைசா வந்த சமயம். அக்காவின் மகனுக்கு டைபாய்டு. காலையும் மாலையும் ஜுரம் பார்க்கச் சொன்னார் டாக்டர். அக்காவின் கணவரான மாமா ஒரு தர்மாமீட்டர் வாங்கி வந்தார். பிள்ளையின் வாயிலிருந்து எடுத்ததுமே மாமியார், "எச்சில் பட்டதை அப்படியே பெட்டியில வைக்கிறதா?" என்று கொதிக்கிற வெந்நீரை அதன்மேல் ஊற்றினார். உடைந்துபோனது.

"மட்டமான கண்ணாடி. தொட்டுப் பார்த்தா தெரியாதா? நாங்கல்லாம் பிள்ளை வளர்க்கலையா?"

"வளர்த்தீங்க அத்தை. பிழைச்சதை மட்டும் எண்ணிச் சொல்றீங்க" என்றார் அக்கா.

மறுநாளே, பிள்ளையைப் பார்க்க வந்திருந்த என்னை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் டவுனுக்குப் போனார். மருந்துக் கடையில் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, இரண்டு அக்குளிலும் ஒவ்வொரு தர்மாமீட்டரை வைத்தார். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எடுத்தால் ஒன்று தொண்ணூற்றெட்டு, மற்றது நூறு.

"ஒரே ஆளுக்கு ரெண்டு ஜுரமாங்க?" என்று கேட்டார் அக்கா.

"கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்மா. இது என்ன கத்திரிக்காயா, அமுக்கிப் பார்த்து வாங்க?"

"கத்திரிக்காய் சொத்தையா இருந்தா எறிஞ்சுடுவேன். இது பொய் சொன்னா என் பிள்ளைக்கு யாருங்க பதில் சொல்றது?"

கடைக்காரர் மூன்றாவதை எடுத்தார். அது தொண்ணூற்றெட்டோடு ஒத்துப்போனது. பாதரசக் கோடு தெளிவாகத் தெரிகிறதா, உதறினால் இறங்குகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் அக்கா அதைக் கட்டச் சொன்னார். எச்சில் பேச்சே எழாதபடி அக்குளில் மட்டும் வைத்தார். பச்சைத் தண்ணீரில் கழுவினார். பிள்ளை பிழைத்தான்.

அதற்குப் பிறகு சிரித்தவர்கள்தான் வரிசையில் நின்றார்கள். வீட்டில் யாருக்கு உடம்பு சுட்டாலும் அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். மாமியாருக்குத் தும்மல் வந்தாலும் பார்க்க வேண்டும்.

போன மாசியில் அக்காவுக்கே ஜுரம். "உடம்பு முடியலை, அத்தை" என்றார். "அடுப்படியில நிக்கிறவளுக்கு உடம்பு சுடாம என்ன செய்யும்?" என்று பதில் வந்தது. கொழுந்தனார் மனைவியரிடமும் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள், இலை போட்டார்கள், சாப்பிட்டார்கள். எதிர்வீட்டுத் தையற்காரர் மனைவிதான் அக்கா சுவரைப் பிடித்து நிற்பதைப் பார்த்து, ஜட்கா வண்டி பிடித்துப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "எத்தனை நாளா ஜுரம்?" என்று டாக்டர் கேட்டார். பின்னாலேயே வந்து சேர்ந்த வீட்டார் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். எல்லாம் கைமீறிவிட்டது.

அக்காவைப் பொறுமையின் வடிவம் என்று இப்போது பேசுகிறார்கள். பொறுத்துக்கொண்டு இருந்துவிடவில்லை அவர். வாய்விட்டுச் சொன்னார்.

எதிர்வீட்டு அம்மாவுக்கும், கடைசிவரை பாடுபட்ட டாக்டருக்கும் நர்ஸம்மாக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வேறு யாருக்கும் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஜட்காவில் ஏறப்போன அக்காவிடம், காபிப் பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டவர் அவர்.