மெர்வின் கெடஸின் கம்பளிக் கோழிக்கூடு

எங்கள் ரான்ஃபர்லியில் மெர்வின் கெடஸுக்குத் தெரியாத விஷயம் எதுவும் இல்லை. நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். முப்பது வருடம் ஆட்டுக் கம்பளியைத் தரம் பிரித்தவர். அதனால் உலகத்துக் கோளாறு எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்து, கம்பளி. கதவு கிரீச்சிட்டாலும் கம்பளி, காது வலித்தாலும் கம்பளி. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பாவத்துக்கு இதையெல்லாம் இருபத்தாறு வருடமாகக் கேட்கிறேன்.

ஓய்வு பெற்றதும் அவருக்குக் கோழிக் கண்காட்சிப் பைத்தியம் பிடித்தது. ஒவ்வொரு ஜூலையும் போட்டியிட்டார். ஏழு வருடமும் கோப்பை வேறு வீட்டுக்குப் போனது. நடுவர்களுக்குக் கண் பார்வை சரியில்லையாம். ஆடத் தெரியாதவர்களுக்குக் கூடம் எப்போதும் கோணல்தான்.

எட்டாவது வருடம் டச்சஸ் வாய்த்தது. மினோர்கா என்ற உயர்ந்த இனத்துக் கறுப்புப் பெட்டைக்கோழி. சிவப்புக் கொண்டை ஒரு கண்ணை மறைத்து மடிந்து தொங்கும். நடுவர்கள் பார்ப்பதே அந்தக் கொண்டையைத்தான். இந்த முறை கோப்பை அவருக்குத்தான் என்று எனக்கே தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவரைத் தாங்க முடியாது.

அவர் மனைவி யூனாவிடமும் ஆறு கோழிகள் இருந்தன. வம்சம் தெரியாத பழுப்புக் கோழிகள், பழைய தகரக் கொட்டகையில். கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி.

பூமியின் தென்கோடியில் இருக்கும் எங்களுக்கு ஜூனும் ஜூலையும்தான் கடுங்குளிர். ஜூன் கடைசியில் குழாயெல்லாம் உறைந்த வாரம், டச்சஸும் நாலு துணைக் கோழிகளும் இருந்த கூட்டின் ஒவ்வொரு இடுக்கிலும் மெர்வின் கம்பளியைத் திணித்தார். காற்றுத் துளைகளையும் விடவில்லை. அதன்மேல் பிளாஸ்டிக் தாளை ஆணி அடித்து முடித்தார்.

"கோழிக்குக் குளிரு ஒண்ணும் பண்ணாது மெர்வின். ஈரம்தான் எமன்," என்றாள் யூனா. "மேல ஓட்டைய விடு. அதுங்க மூச்சு வெளிய போகட்டும்."

"ஆடு என்னைக்காவது குளிருதுன்னு சொல்லியிருக்கா?"

"ஆட்ட நீ பொட்டிக்குள்ள போட்டு அடைச்சதில்லையே."

"முப்பது வருஷம் கம்பளியோட பொழங்கினவன் நான்."

"ஆட்டுக் கம்பளியோட. கோழியோட இல்ல."

அவர் வேலிக்கு மேல் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்துக்கிட்டே இரு, அவ கோழி ஆறும் குச்சி ஐஸாயிடும்."

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, டச்சஸைக் குளிப்பாட்ட அவர் கூட்டைத் திறந்தபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எச்சத்தின் நெடி வேலியைத் தாண்டி என் கண்ணைக் கரித்தது. பிளாஸ்டிக்கின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். கம்பளி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெளியே போக வழியில்லாத ஈரம் கொண்டையில் படிந்து, இரவுக் குளிரில் உறைந்து, டச்சஸின் கொண்டை நுனிகளைக் கரியாக்கியிருந்தது.

"யாரோ மை பூசிட்டுப் போயிருக்கான்," என்றார் அந்த மேதை. துணியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

"தேய்க்காத. அது செத்த சதை," என்றாள் யூனா. கோழியைப் பிடுங்கி, கொண்டைக்கு வாஸ்லைன் தடவி, தன் கொட்டகையின் உலர்ந்த வைக்கோலில் விட்டாள். கயிற்றில் ஒரு முட்டைக்கோசைத் தொங்கவிட்டாள். சாயங்காலத்துக்குள் டச்சஸ் மற்ற கோழிகளோடு அதை எட்டி எட்டிக் கொத்தியது. எனக்குக் கோழியைப் பார்த்துத்தான் பாவமாக இருந்தது. அவரைப் பார்த்து இல்லை.

கண்காட்சியில் டச்சஸுக்கு இடமில்லை. யூனா ஒரு தட்டில் வைத்த மூன்று பழுப்பு முட்டைகளுக்கு முதல் பரிசு கிடைத்தது.

"இந்தக் குளிர்ல எப்படிம்மா இப்படி முட்டை?" என்று நடுவர் கேட்டார்.

யூனா வாயைத் திறப்பதற்குள் மெர்வின் முன்னால் வந்தார். "எல்லாம் காத்தோட்டம்தான். கூரைக்குக் கீழ ஒரு சாண் விடணும். நான் எப்பவும் சொல்றதுதான்."

மீசையில் ஒரு துளி மண் ஒட்டவில்லை.

"ஆமாங்க," என்றாள் யூனா. "அதை அடைச்சா என்ன ஆகும்னும் இவருதான் செஞ்சு காட்டினாரு."

பரிசாக வந்த சிவப்பு ரிப்பனை அவள் வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. கொட்டகைக் கூரையின் கீழ், அந்த ஒரு சாண் இடைவெளியில் கட்டிவிட்டாள். தினமும் காலையில் மெர்வின் டச்சஸைப் பார்க்கப் போகும்போது, அவர் மூக்குக்கு நேராக அது காற்றில் ஆடுகிறது.