மேடு சரிந்த வருஷம்

அப்பா போய் வருஷம் திரும்புவதற்குள், வைகாசி நடுவில் இறங்கும் இடவப்பாதி மழையில், வீட்டுக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்தது. காலையில் காப்பி போட அடுக்களைக்குள் போனவள் பின்கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் முற்றம் இருந்த இடத்தில் செம்மண் குவிந்து கிடந்தது. கிணற்றுச் சுவரின் விளிம்பு மட்டும் தெரிந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் டீச்சர். எங்களுக்கு நாஞ்சில் நாடு. அப்பா உத்தியோகத்துக்காகத் திருவனந்தபுரம் வந்து, கரமனைப் பக்கம் ஒரு சரிவில் அந்த வீட்டை வாங்கினார். அம்மா முன்பே போய்விட்டாள். எனக்கு இரண்டு தரம் கல்யாணம் பேசி இரண்டும் நின்றன. பிறகு அப்பாவின் உடம்பைப் பார்த்துக்கொள்வதே வேலையாகிவிட்டது. பம்பாயிலிருந்த அண்ணனுக்கு மேடு சரிந்ததை எழுதினேன். வீட்டை விற்றுவிட்டு நாகர்கோவிலில் சித்தப்பா வீட்டோடு போய் இரு என்றான். அந்த வீட்டில் எனக்கு எந்த மூலை கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். போகவில்லை.

மண்வேலை எடுத்துச் செய்யும் கான்டிராக்டர்கள் காலை நேரம் பழவங்காடியில் பிள்ளையார் கோவில் பக்கம் ஒரு சாயாக்கடை வாசலில் நிற்பார்கள் என்று பள்ளிக்கூடத்துப் பியூன் சொன்னார். பிள்ளையாரைக் கும்பிட வந்தவள் போல அங்கே போய், குடையை மடக்காமலே நின்றேன். ஆண்கள் கூட்டம். கடைசியில், என் கையிலிருந்த நோட்டுக்கட்டைப் பார்த்தோ என்னவோ, ஒரு கான்டிராக்டர் தாமே வந்து கேட்டார். நெய்யாற்றின்கரைக்காரர், தாய்வழியில் தமிழ் என்று பின்னால் தெரிந்தது.

"டீச்சரே, சாரு வரல்லியா?"

"எந்தச் சாரு?"

"வீட்டுக்காரரு. இல்லேன்னா அண்ணன், தம்பி. வேலைய அவங்ககிட்ட பேசியதாக்கும் நல்லது."

"அப்படி யாரும் இல்ல. எங்கிட்டயே பேசும்."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "செரி, எடம் காட்டுங்கோ" என்றார்.

வந்து சுற்றிப் பார்த்தார். மண்ணை அள்ளுவதோடு தீராது, மேட்டைப் படிபோல வெட்டி அடியில் கல் அடுக்கிக் கையாலைச் சுவர் கட்டவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி வரும் என்றார். அள்ளுகிற மண்ணை எங்கே கொட்டுவது என்பதுதான் கேள்வியாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், ஒரு மலையாளிக் குடும்பம். அவர்கள் முற்றத்தில் எப்போதும் தண்ணீர் கட்டிக் கிடக்கும்.

"அங்க தட்டலாம். டீச்சர் போய்க் கேளுங்கோ."

அத்தனை வருஷத்தில் நான் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. அப்பா இறந்த அன்று அவர்கள் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனதோடு சரி. போய்க் கேட்டேன். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அதுக்கென்னா டீச்சரே, ஞங்ஙளுக்கும் மண்ணு வேணுமே" என்று சிரித்தாள். அன்றைக்கே வேலியில் ஓலையைப் பிரித்து, கூடை சுமப்பவர்கள் போக வழி விட்டார்கள்.

வேலை தொடங்கியது. ஆண்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வெட்ட, பெண்கள் சும்மாடு வைத்துக் கூடைகளைச் சுமந்தார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே சத்தம் கேட்கும். என் வீட்டிலிருந்து மனிதச் சத்தம்! என்னை அறியாமல் நடை வேகமாகும். போனதும் பெரிய பாத்திரத்தில் கருப்பட்டிக் காப்பி போடுவேன். அப்பாவுக்கும் எனக்குமாக இரண்டு தம்ளர் போட்டுப் பழகிய கை, அவர் போனபிறகு ஒற்றைத் தம்ளருக்கு அளவு தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தது. இப்போது அளவே பார்க்க வேண்டியிருக்கவில்லை.

கூடை சுமந்தவர்களில் வாயாடியான ஒருத்தி அடுக்களை வாசலில் உட்கார்ந்து கேட்டாள். "டீச்சரு ஒற்றைக்கா இங்க கிடக்கியது? பேடி இல்லியா?"

"என்ன பயம்? பழகிப்போச்சு."

"எனக்கானா ஒரு ராத்திரி முடியாது கேட்டோ" என்று சொல்லிவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தாள்.

பக்கத்து வீட்டு அம்மாளும் தன் பங்கு மண் சரியாக விழுகிறதா என்று பார்க்கும் சாக்கில் வேலி வழியே வருவாள். ஒருநாள் அவர்கள் வீட்டுப் பலாவிலிருந்து சக்கைப் பழம் கொண்டுவந்தாள். மகளுக்கு வரன் பார்ப்பதை, கணவரின் மூல வியாதியை, எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்காகவே அரைத்த துவையலை நான் இலையில் பொதிந்து கொடுத்தேன்.

மண் தீர்ந்தது. கையாலையும் எழுந்தது. அப்போது நான் கான்டிராக்டரிடம், மேட்டில் ஏற படி வெட்டினால் நல்லது என்றேன். வெட்டினார். பிறகு துணி துவைக்கும் இடத்தில் தண்ணீர் போக ஒரு சால். பிறகு வாழை வைக்கக் குழிகள். அதன் பிறகு, கிணறு இருக்கும்போதே, மேல்தட்டில் இன்னொரு கிணறு தோண்டினால் என்ன என்று கேட்டேன்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு கிணறு எதுக்கு டீச்சரே? இனி இங்க ஒரு வேலையும் இல்ல. வித்துரா பக்கம் எஸ்டேட்டு ரோடு வேலை கிடச்சிருக்கு. திங்கக்கிழம போவணும்."

கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கண் கலங்கியது. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பு எரியவே இல்லை.

அவர்கள் போன மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது தெருமுனையில் நின்று கேட்டுப் பார்த்தேன். எங்கோ ஒரு காகம். வீட்டைத் திறந்து பின்பக்கம் போனால், வேலியில் பிரித்திருந்த இடத்தைப் புது ஓலை வைத்துக் கட்டியிருந்தார்கள். பச்சை ஓலை, இறுக்கமான கட்டு. வேலிக்கு அப்பாலிருந்து அந்த அம்மாள் குரல் கொடுத்தாள்.

"எங்க பசு வந்து டீச்சரோட வாழையத் தின்னப்படாதுல்லா, அதான் கெட்டிச்சோம்."

"நல்லதாப்போச்சு" என்றேன். அவள் நல்லவள்தான். வேலியில் வழி இருந்தவரை வந்தாள். அதன் பிறகு கோவிலில் பார்த்தால் சிரிப்பாள். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தாள். தெருவைச் சுற்றி என் வாசலுக்கு வருவது அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

சுத்தமாகிக் கிடந்த முற்றம் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அதைப் பெருக்க மட்டும்தான் இறங்கினேன்.

அடுத்த இடவத்தில் மூன்று நாள் விடாமல் பெய்தது. குடையைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் நின்று மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிடி மண் நகரவில்லை. கையாலை நின்றது. மழை விட்டதும் பள்ளிக்கூடத்தில், டீச்சர்கள் அறையில், யார் வீட்டில் எங்கே ஒழுகியது என்று பேச்சு வந்தது. என் வீட்டு மேடு அசையவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. எல்லோரும் புத்தகங்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.