என் வீட்டுக்காரர் சொன்ன ஆசி

என் வீட்டுக்காரர் எர்மெக் பொய் சொல்ல மாட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கூடக் குடித்தனம் நடத்திப் பார்த்தால் தெரியும்.

கணவாய்ச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார். அங்கே விபத்தில் செத்தவர்களுக்காக ஒரு வளைவில் கல் நட்டிருக்கிறார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் இறங்கி, ஒரு துண்டு ரொட்டி வைத்துவிட்டுச் சற்று நிற்பார். பனியில் ஒரே ஒரு வண்டி மாட்டியிருந்தால்கூட அதை மீட்காமல் வீடு திரும்ப மாட்டார். ஆனால் மசூதிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. நானோ ஐந்து வேளையும் தொழுகிறவள்.

"நம்பாத வார்த்தைய வாயால சொன்னா அது திருட்டு" என்பார்.

மகள் ஜிபெக்கைத் தன் மகனுக்குப் பெண் கேட்டு மம்பெத் ஹாஜி வந்த நாளில் நான் காலையிலேயே எர்மெக்கைப் பிடித்துக்கொண்டேன். சாப்பிட்டு முடித்ததும் கையேந்தி ஒருவர் ஆசி சொல்ல வேண்டும்; மற்றவர்கள் 'ஓமின்', அப்படியே ஆகட்டும் என்று முகத்தைத் தடவிக்கொள்ள வேண்டும். ஆசி சரியில்லை என்றால் சம்பந்தம் முறிந்துவிடும்.

"ஒரே ஒரு தடவை அல்லா பேரச் சொல்லிடுங்க. பொண்ணுக்காக."

"பாக்கலாம்."

அவர் 'பாக்கலாம்' என்றால் மாட்டார் என்று அர்த்தம்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைப் பையன் நிலக்கரி லாரியோடு கணவாயில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். இறைச்சியும் தேநீரும் முடிந்ததும் மம்பெத் தாடியைத் தடவினார்.

"நீங்களே சொல்லுங்க சம்பந்தி. உங்க தொழுகையப் பத்தி ஊரே பேசுது."

அவரோடு வந்திருந்த மச்சினன் மீசைக்குள் சிரித்தான். எல்லோரும் கையேந்தினோம்.

"வழியில இருக்கறவங்க வீடு வந்து சேரணும்," என்றார் எர்மெக். "மாட்டிக்கிட்டவனப் பாத்துட்டு யாரும் தாண்டிப் போகக் கூடாது. இந்தப் பிள்ளைங்க ஒருத்தருக்கொருத்தர் பொய் சொல்லாம வாழணும்."

அவ்வளவுதான். யாரும் ஓமின் சொல்லவில்லை. ஏந்திய கைகள் அப்படியே நின்றன.

"யார் பேரால கேக்குறீங்க?" என்றார் மம்பெத்.

"யார் பேராலயும் இல்ல. சொன்னதுக்கு நான் பொறுப்பு."

போச்சு என்று நினைத்தேன். அவர்மேல் அப்படியோர் ஆத்திரம் வந்தது. ஜிபெக்கைப் பார்த்தேன், அவள் தலைகுனியாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனிப்புயல் நாட்களில் இந்த மனுஷன் வீடு வந்து சேரும்வரை நான் தொழுது கேட்பதும் இதைத்தானே? எங்களில் பெண்கள் முந்திக்கொள்வது வழக்கமில்லை.

"ஓமின்" என்று உரக்கச் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டேன்.

மம்பெத் என்னை முறைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கொட்டும் பனியைப் பார்த்தார். மகன் இன்னும் கணவாயில்தான் இருந்தான்.

"அல்லா பேர நான் சேத்துக்கறேன். ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார்.

எர்மெக் எழுந்து பனி தள்ளும் வண்டியின் சாவியைத் தேடினார்.